2,000 ரூபாயும் ஒரு செட் அகல் விளக்கும்: வீட்டுல இருக்கிற ஸ்கூல் பசங்களுக்கு பிசினஸ் கத்துக் கொடுப்பது எப்படி?



உங்க வீட்டுல பதினொண்ணாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற தம்பி, தங்கச்சி, அக்கா பையன் யாராவது இருக்காங்களா? அப்படின்னா இந்தக் கேள்வி ஏற்கெனவே வந்திருக்கும், இல்லேன்னா சீக்கிரமே வரும்.

"அண்ணா, ஒரு பிசினஸ் ஐடியா இருக்கு. ஒரு அஞ்சாயிரம் குடேன்."

வீட்டுல மாசச் சம்பளம் வாங்குற ஆள் நீங்க. ரூம் வாடகை, எஜுகேஷன் லோன் இஎம்ஐ, ஊருக்கு அனுப்புற பணம் எல்லாம் போக மிச்சம் எவ்வளவுன்னு உங்களுக்குத்தான் தெரியும். ஆனா தம்பி கண்ணுக்கு நீங்க நடமாடுற ஏடிஎம். அதனால நம்மில் பலர் ரெண்டு பதில்ல ஒண்ணைத்தான் சொல்றோம். "முதல்ல ஒழுங்கா படிடா"ன்னு திட்டுவோம். இல்லேன்னா தொந்தரவு தாங்காம ஜிபே பண்ணிட்டு மறந்துடுவோம். திட்டினாலும் சரி, பணம் அனுப்பினாலும் சரி, அந்தப் பையன் எதுவும் கத்துக்கல.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். 16 வயசுல 2,000 ரூபாய்ல கத்துக்காத கணக்கை, 26 வயசுல 10 லட்சம் ரூபாய் கடன்ல கத்துக்க வேண்டி வரும். அந்தக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போடச் சொல்லி உங்ககிட்டதான் வருவாங்க. அதனால இதை உங்க சொந்த நிதித் திட்டத்துல ஒரு பகுதியாவே பாருங்க.

இந்தப் பதிவுல, பள்ளி மாணவர்களுக்குத் தொழில் கத்துக் கொடுக்குற திட்டங்கள் உலகத்துல எப்படி நடந்திருக்குன்னு முதல்ல பார்ப்போம். அப்புறம் அதே முறையை உங்க வீட்டுல, 2,000 ரூபாய்க்குள்ள, எப்படி செய்யலாம்னு ஒரு முழுக் கணக்கோட பார்க்கலாம். வாங்க.

ஸ்கூல்ல இதை எப்படிச் சொல்லிக் கொடுத்தாங்க?

மூணு உதாரணம் சொல்றேன்.

முதலாவது, அமெரிக்காவில் 1919-ல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்த அமைப்பு. இவங்களோட புகழ்பெற்ற முறையில் மாணவர்கள் சேர்ந்து நிஜமாவே ஒரு குட்டிக் கம்பெனி ஆரம்பிப்பாங்க. சின்னச் சின்னப் பங்குகளா வித்து முதலீடு திரட்டுவாங்க. பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பாங்க. ஒரு பொருளைச் செஞ்சு விப்பாங்க. பருவம் முடிஞ்சதும் கம்பெனியை மூடி, கணக்கு முடிச்சு, பங்கு வாங்கினவங்களுக்கு மிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பாங்க. அந்தக் கடைசிப் பகுதியை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இரண்டாவது, நியூயார்க்கில் ஸ்டீவ் மரியாட்டி என்பவர் செய்தது. ஃபோர்டு நிறுவனத்தில் நிதிப் பிரிவில் வேலை பார்த்தவர், பிறகு சொந்தமா ஏற்றுமதி இறக்குமதித் தொழில் செய்தவர். 1980-களில் ஏழைக் குடும்பத்துப் பசங்க படிக்கிற பள்ளிகளில் கணக்கு வாத்தியாரா சேர்ந்தார். வகுப்புல யாரும் அவரைக் கவனிக்கிறதே இல்ல. ஒரு நாள் கையில கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றி, அதை அவங்ககிட்ட விக்கிற மாதிரி பேச ஆரம்பிச்சார். வகுப்பு திரும்பிப் பார்த்தது. வாங்கின விலை, விக்கிற விலை, லாபம்னு பேச்சு போகப் போக, கணக்குப் பாடம் தானா உள்ள வந்துடுச்சு. 1987-ல் இதுக்காகவே அவர் தொடங்கிய அமைப்புதான் இன்னைக்கு NFTE என்ற பேர்ல நடக்குது. அங்க சொல்லிக் கொடுக்குற அடிப்படைப் பாடம் ஒண்ணு இருக்கு: "ஒரு யூனிட்டின் பொருளாதாரம்". மொத்த பிசினஸைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு பொருள் வித்தா கையில என்ன நிக்கும்னு பார்க்கிறது.

மூணாவது, நம்ம நாட்டுல டெல்லி அரசுப் பள்ளிகள். 2019-ல் 9-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரைக்கும் தொழில்முனைவு மனப்பான்மைக்குன்னே ஒரு பாடத்திட்டம் கொண்டுவந்தாங்க. 2021 செப்டம்பரில் 'பிசினஸ் பிளாஸ்டர்ஸ்' என்ற திட்டம் தொடங்குச்சு. 11, 12-ம் வகுப்பு மாணவர்கள் குழுவா சேர்ந்து ஒரு தொழில் யோசனையைக் கொண்டு வரணும். ஒரு மாணவருக்கு 2,000 ரூபாய் வரைக்கும் விதைப் பணம் அரசே கொடுத்தது.

தமிழ்நாட்டுலயும் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், யுனிசெஃப் கூட சேர்ந்து, பள்ளி மாணவர்களுக்கான புத்தாக்கத் திட்டம் நடத்துது. சிபிஎஸ்இ-யில் 11, 12-ம் வகுப்புக்கு 'தொழில்முனைவு' ஒரு விருப்பப் பாடமாவே இருக்கு. உங்க தம்பி படிக்கிற ஸ்கூல்ல இதுல ஏதாவது இருக்கான்னு முதல்ல விசாரிங்க.

நான் சொன்ன மூணு திட்டமும் வேற வேற ஊர், வேற வேற காலம். ஆனா அடியில ஓடுற விஷயம் ஒண்ணுதான். பணம் நிஜம், ஆனா சின்னத் தொகை. வாங்குறவங்க நிஜமான ஆளுங்க. ஒரு முடிவுத் தேதி உண்டு. இந்த மூணையும் வீட்டுல உங்களாலயும் செய்ய முடியும்.

படி 1: ஐடியாவைக் கேட்காதீங்க, ஆளைக் கேளுங்க

தம்பி ஐடியா சொன்னதும் "சூப்பர்டா"ன்னும் சொல்ல வேண்டாம், "இதெல்லாம் ஓடாது"ன்னும் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "யாரு வாங்குவாங்க? பேர் சொல்லு."

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். தங்கச்சி நல்லா வரைவா. கார்த்திகை தீபத்துக்கு அகல் விளக்குல பெயின்ட் பண்ணி, 6 விளக்கை ஒரு டப்பாவுல வெச்சு விக்கலாம்னு சொல்றா. நல்ல யோசனைதான். உடனே பெயின்ட் வாங்க விடாதீங்க. வீட்டுல இருக்கிற பழைய அகல் ஒரு ஆறை எடுத்து ஒரு சாம்பிள் செட் மட்டும் செய்யச் சொல்லுங்க. அதை எடுத்துட்டு தெருவுல, அப்பார்ட்மென்ட்ல, டியூஷன்ல 10 பேர்கிட்ட காட்டட்டும்.

அங்கயும் "நல்லா இருக்கா ஆன்ட்டி?"ன்னு கேட்கக் கூடாது. நம்ம ஊர்ல ஸ்கூல் பொண்ணு கேட்டா யாரும் நல்லா இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. "ஒரு செட் 90 ரூபாய். 20 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தா உங்களுக்கு ஒண்ணு எழுதி வெச்சுக்கிறேன்"னு கேட்கணும். பத்துல நாலு பேர் 20 ரூபாய் எடுத்துக் கொடுத்தா அங்க ஒரு வியாபாரம் இருக்கு. பத்து பேரும் சிரிச்சுட்டு "அழகா இருக்கும்மா"ன்னு அனுப்பிட்டா, 2,000 ரூபாய் செலவு பண்ணாமலேயே ஒரு பாடம் கிடைச்சுடுச்சு.

இன்னொரு விஷயம். பெரியம்மா, மாமா வாங்குறதைத் தனியா எழுதச் சொல்லுங்க. பாசத்துக்கு வாங்குறவங்க அடுத்த வருஷம் வாங்குவாங்கன்னு நிச்சயம் இல்ல. தெரியாத ஆள் எத்தனை பேர் காசு கொடுத்தாங்க என்பதுதான் உண்மையான மார்க்.

படி 2: ஒரு செட்டுக்கு என்ன நிக்கும்?

இப்போ நோட்டும் கால்குலேட்டரும் எடுங்க. முதல் முறை கணக்கு போடச் சொன்னா பசங்க பெரும்பாலும் இப்படித்தான் போடுவாங்க: "அகல் ஒண்ணு 4 ரூபாய், ஆறு 24 ரூபாய். 90-க்கு வித்தா 66 ரூபாய் லாபம். 30 செட் வித்தா 1,980 ரூபாய்!"

திருத்தாதீங்க. "வேற என்னெல்லாம் வேணும்?"னு மட்டும் கேட்டுட்டே இருங்க. பட்டியல் அவளே நீட்டுவா. உதாரணத்துக்காக நான் போடுற விலைகள் இவை, உங்க ஊர் கடை விலையை நீங்க போட்டுக்கோங்க:

- 6 அகல்: 24 ரூபாய்
- பெயின்ட், வார்னிஷ்: 10 ரூபாய்
- டப்பா, ரிப்பன்: 12 ரூபாய்
- உடைஞ்சு வீணாப் போறதுக்கு: 3 ரூபாய்

மொத்தம் 49 ரூபாய். 90-ல் 49 போனா, ஒரு செட்டுக்கு நிக்கிறது 41 ரூபாய். 66 இப்போ 41 ஆயிடுச்சு.

அந்த 3 ரூபாய் உடைசல் கணக்கை விட்டுடாதீங்க. மண் விளக்கு விக்கிற எந்த வியாபாரியைக் கேட்டாலும் அதைத்தான் முதல்ல சொல்வார். முடிஞ்சா மொத்தமா வாங்குற இடத்துக்கே கூட்டிட்டுப் போங்க. சென்னையில் கொசப்பேட்டை, மதுரை பக்கம் விளாச்சேரி மாதிரி மண் வேலை செய்யுற இடங்கள் பல ஊர்ல இருக்கு. "50 வாங்கினா என்ன விலை, 200 வாங்கினா என்ன விலை?"னு அவளே கேட்கட்டும். அந்தப் பத்து நிமிஷப் பேச்சுல கிடைக்கிறது புத்தகத்துல கிடைக்காது.

படி 3: எத்தனை வித்தா முதல் திரும்பும்?

ஒவ்வொரு செட்டுக்கும் ஆகுற செலவு தவிர, ஒண்ணு வித்தாலும் நூறு வித்தாலும் ஆகுற செலவு சில உண்டு. பிரஷ், பஸ் சார்ஜ், ஒரு சின்ன நோட்டீஸ் பிரின்ட். இதெல்லாம் சேர்த்து 410 ரூபாய்னு வெச்சுக்கலாம்.

ஒரு செட்டுக்கு 41 ரூபாய் நிக்குது. 410-ஐ 41-ஆல வகுத்தா 10. பத்து செட் வித்தா நஷ்டமும் இல்ல, லாபமும் இல்ல. பாடப் புத்தகம் இதோட நிறுத்திடும்.

ஆனா நிஜத்துல ஒரு சிக்கல் இருக்கு. 30 செட்டையும் முன்கூட்டியே செஞ்சு வெச்சா என்ன ஆகும்? பொருளுக்கு 30 பெருக்கல் 49, அதாவது 1,470. அதோட 410. மொத்தம் 1,880 ரூபாய் கையை விட்டுப் போயிடுச்சு. இந்தப் பணம் திரும்பி வர 21 செட் விக்கணும். 10 இல்ல, 21! 18 செட் மட்டும் வித்தா வர்றது 1,620. கையில 260 ரூபாய் குறையும், கட்டிலுக்கு அடியில 12 டப்பா இருக்கும். கார்த்திகை முடிஞ்ச மறுநாள் அதை யாரும் 90-க்கு வாங்க மாட்டாங்க.

இங்கதான் "லாபம் வேற, கையில இருக்கிற பணம் வேற"ன்னு சொல்லிக் கொடுக்கணும். நல்லா ஓடுற கடைகள் கூட சரக்குல பணம் முடங்கித் திணறும். அதை 260 ரூபாய்லயே புரிய வெச்சுடலாம்.

தீர்வும் அவளே கண்டுபிடிப்பா: முதல்ல 12 மட்டும் செய்யலாம். 12 பெருக்கல் 49, 588 ரூபாய். அதோட 410 சேர்த்தா 998. ஒண்ணு கூட விக்கலைன்னாலும் நஷ்டம் 1,000 ரூபாயைத் தாண்டாது. 12-ம் வித்துட்டா 1,080 வரும், அதாவது போட்டது போக 82 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்துலயே அடுத்த 18 செட்டுக்குச் சரக்கு வாங்கலாம். அதுக்கு 882 செலவு, 1,620 வரவு, மிச்சம் 738. ஆக மொத்தம் 82-ம் 738-ம் சேர்ந்து 820 ரூபாய் லாபம். ஒரேயடியா 30 செஞ்சு எல்லாம் வித்திருந்தாலும் இதே 820-தான். லாபம் மாறல, மாட்டிக்கிற பணம் பாதியா குறைஞ்சிருக்கு.

படி 4: உன் நேரத்துக்கு என்ன விலை?

பல பேர் விட்டுடுற படி இது. நாம சம்பளக்காரங்க, நமக்கே இந்தப் பழக்கம் குறைவு.

6 விளக்கு பெயின்ட் பண்ணி, காயவெச்சு, பேக் பண்ண 40 நிமிஷம்னு வெச்சுக்கோங்க. 30 செட்டுக்கு 1,200 நிமிஷம், அதாவது 20 மணி நேரம். சரக்கு வாங்கப் போனது, வீடு வீடா ஏறி இறங்கினது 8 மணி நேரம். மொத்தம் 28 மணி நேரம். 820-ஐ 28-ஆல வகுங்க. மணிக்கு 30 ரூபாய் கூட வரல.

அதுவும் எந்த 28 மணி நேரம்? கார்த்திகை முடிஞ்ச கையோட டிசம்பர்ல அரையாண்டுத் தேர்வு.

இதைச் சொன்னதும் தங்கச்சி முகம் வாடும். வாடட்டும், ஆனா அதோட விட்டுடாதீங்க. "இதை எப்படி மாத்தலாம்?"னு கேளுங்க. ரெண்டு வழி இருக்கு.

விலையை 110 ஆக்கினா? ஒரு செட்டுக்கு 61 ரூபாய் நிக்கும். 30 செட்டுக்கு 1,830. அதுல 410 போக 1,420. மணிக்கு 50 ரூபாய் தாண்டிடும். ஆனா 110-க்கு வாங்குவாங்களா? மறுபடியும் 10 பேரைக் கேட்கணும்.

அச்சு வெட்டி வெச்சு வேகமா பெயின்ட் பண்ணி 40 நிமிஷத்தை 25 ஆக்கினா? 20 மணி நேரம் பன்னிரண்டரை ஆகும். விலை 90-லயே இருந்தாலும் மணிக்கு 40 ரூபாய் வரும்.

இப்போ கவனிங்க. அவ கையில விலை ஒண்ணு, நேரம் ஒண்ணுன்னு ரெண்டு பிடி கிடைச்சிருக்கு. எந்த பிசினஸ் ஸ்கூல் போனாலும் சுத்திச் சுத்தி இதைத்தான் பேசுவாங்க.

எல்லாக் கணக்கும் போட்டுப் பார்த்துட்டு "அக்கா, இது வேணாம், இந்த நேரத்துல படிச்சுக்கிறேன்"னு அவளே சொன்னா? அவ பாஸ். ஒரு தொழிலை ஆரம்பிக்காம விடுறதுக்கும் கணக்கு தெரிஞ்சிருக்கணும். நாளைக்கு யாராவது "ரெண்டு லட்சம் போடு, மாசம் இருபதாயிரம் வரும்"னு சொல்லும்போது, அவ கை தானா நோட்டைத் தேடும்.

படி 5: பணத்தை எந்த வகையில் கொடுக்குறீங்க?

2,000 ரூபாயை மூணு வகையில் கொடுக்கலாம். எந்த வகைன்னு முன்னாடியே பேசிடணும்.

அன்பளிப்பா கொடுக்கலாம். திரும்பக் கேட்க மாட்டீங்க. ஆனா அவங்களுக்கும் பொறுப்பு குறையும்.

கடனா கொடுக்கலாம். வித்தாலும் விக்கலைன்னாலும் திருப்பித் தரணும். 16 வயசுல முதல் முயற்சிக்கே இது கொஞ்சம் கனம்.

பங்கா கொடுக்கலாம். லாபத்துல 25 சதவீதம் உங்களுக்கு, நஷ்டம் வந்தா உங்க பணத்தோட போயிடும். மேல சொன்ன 820 ரூபாய் லாபத்துல உங்க பங்கு 205, அவ கைக்கு 615. என் ஓட்டு இதுக்குத்தான். லாபத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும்போது முதலீட்டாளர்னா யாரு, அவர் எதுக்கு லாபத்துல பங்கு கேட்கிறார் என்பது தானா புரியும். உங்க மியூச்சுவல் ஃபண்டுல நீங்க செய்யுறதும் இதுதானேன்னு அவளுக்கு விளக்கிக் காட்டலாம்.

எந்த வகையா இருந்தாலும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. சட்டப்படி அந்தப் பேப்பர் செல்லாது. 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், 18 வயசு நிரம்பாதவங்க போடுற ஒப்பந்தம் ஆரம்பத்திலேயே செல்லாதுன்னு 1903-ல் மோஹரி பீபி வழக்குல பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொல்லியிருக்கு. அதனாலதான் மைனருக்கு யாரும் தொழில் கடன் கொடுக்குறதில்ல. நம்ம பேப்பர் கோர்ட்டுக்குப் போறதுக்கு இல்ல, சொன்ன சொல்லை எழுதி வைக்கிற பழக்கத்துக்கு.

படி 6: தனி டப்பா, தனி நோட்டு

வித்த பணம் அப்பாவோட ஜிபே-க்குப் போச்சுன்னா கதை முடிஞ்சுது. அந்த வாரம் காய்கறி, பெட்ரோல் எல்லாம் அதுலயே கலந்துடும். மாசக் கடைசியில "உனக்கு எவ்வளவு வந்துச்சு?"னு கேட்டா யாருக்கும் தெரியாது. பல குடும்பக் கடைகள்ல லாபம் வருதா இல்லையான்னே தெரியாம இருக்கிறதுக்குக் காரணம் இந்தக் கலப்புதான்.

ரொக்கம்னா ஒரு தனி டப்பா. அக்கவுன்ட்டுக்குன்னா அவங்க பேர்லயே ஒரு சேமிப்புக் கணக்கு. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட விதிகளின்படி, 10 வயசு தாண்டினவங்க, வங்கி வைக்கிற வரம்புக்கு உட்பட்டு, சேமிப்புக் கணக்கைத் தாங்களே திறந்து இயக்கலாம். அந்தக் கணக்கு மைனஸ்ல போக மட்டும் அனுமதி கிடையாது. எந்த வயசுக்கு என்னென்ன வசதி தராங்கன்னு உங்க வங்கிக் கிளையில கேட்டுக்கோங்க.

நோட்டுல நாலு பத்தி போதும்: தேதி, யாருக்கு, வரவு, செலவு. கடைசிப் பக்கத்துல "பாக்கி"ன்னு ஒரு பட்டியல். "அப்புறம் தரேன்மா"ன்னு சொன்னவங்க பேரெல்லாம் அங்க. பாக்கி வசூலிக்கப் போறது கூச்சமாத்தான் இருக்கும். அந்தக் கூச்சத்தை 90 ரூபாய்க்கே தாண்டிட்டா, பின்னாடி பெரிய தொகைக்கு நாக்கு தடுமாறாது.

சட்டம், வரி: தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது

முதல் முயற்சிக்குச் சாப்பாட்டுப் பொருள் வேண்டாம்னு சொல்வேன். வீட்டுல செஞ்சு விக்கிற சின்ன உணவு வியாபாரத்துக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. யாருக்காவது வயிறு சரியில்லாம போனா அந்தப் பொறுப்பு பெரியவங்க தலையில்தான் விழும்.

வரியைப் பொறுத்தவரை, 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க வருமானம் பொதுவா பெற்றோர் வருமானத்தோட சேர்த்துக் கணக்கிடப்படும். ஆனா சொந்த உடல் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதிச்சது அப்படிச் சேராது. தங்கச்சி பெயின்ட் பண்ணிச் சம்பாதிச்சது அவளோடது. அந்தப் பணத்தை வங்கியில போட்டு வர்ற வட்டி பெற்றோர் கணக்குல சேரும். இந்த அளவு தொகைக்கு யாரும் வரி கட்டப் போறதில்ல. ஆனா உழைச்சு வர்ற பணமும், பணம் போட்டு வர்ற பணமும் வரிச் சட்டத்தோட கண்ணுல வேற வேறன்னு இப்பவே தெரிஞ்சுக்கட்டும்.

படி 7: மூடுற நாள்

ஆரம்பிக்கிற நாளே முடிவுத் தேதியையும் குறிச்சுடுங்க. விளக்கு வியாபாரம்னா கார்த்திகை முடிஞ்சு ஒரு வாரம். அன்னைக்கு ஜூனியர் அச்சீவ்மென்ட் பசங்க செய்யுற மாதிரியே கடையை மூடணும். பாக்கியை வசூல் பண்ணி, மிச்சச் சரக்கை எண்ணி, உங்க முதலையும் பங்கையும் பிரிச்சுக் கொடுத்து, நோட்டுல கடைசிக் கோடு போடணும். அதுக்குக் கீழ மூணு வரி எழுதச் சொல்லுங்க: முன்னாடி எவ்வளவு வரும்னு நினைச்சேன், நிஜத்துல எவ்வளவு வந்துச்சு, அடுத்த தடவை எதை மாத்துவேன்.

முடிவுத் தேதி இல்லேன்னா ரெண்டு ஆபத்து. ஓடாத வியாபாரத்தை "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்"னு இழுத்து, உங்ககிட்ட இன்னொரு 2,000 கேட்பாங்க. ஓடுற வியாபாரமா இருந்தா படிப்பு பின்னாடி போகும். தேதி இருந்தா ரெண்டுக்கும் வேலி. நஷ்டம் வந்தாலும் அந்த நாள்ல திட்டாதீங்க. உச்சபட்சம் 2,000 ரூபாய்னு நீங்கதானே முன்னாடியே முடிவு பண்ணீங்க? ஒரு வார இறுதியில நாம சினிமா, பிரியாணின்னு செலவு பண்ற பணம்.

கடைசியா, உங்களுக்கு

இதை எழுதும்போது எனக்குத் தோணினது ஒண்ணு. நம்மில் நிறைய பேருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கல. வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வாங்கி, ரெண்டு வருஷத்துல "சைடு பிசினஸ்" ஆசை வந்து, நேரா ஃப்ரான்சைஸ் விளம்பரத்துலயோ ஆன்லைன் கோர்ஸ்லயோ போய் நிக்கிறோம். ஒரு யூனிட்டுக்கு என்ன நிக்கும், சரக்குல எவ்வளவு மாட்டும், என் ஒரு மணி நேரத்துக்கு என்ன கிடைக்கும்னு கேட்காமலேயே கையெழுத்து போடுறோம். தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க உட்காரும்போது இந்தக் கேள்வியெல்லாம் உங்க பக்கமும் திரும்பும். திரும்பட்டும், நல்லதுதான். உங்க மாசச் சம்பளத்தை, ஆபீஸுக்குப் போய் வர்ற நேரத்தையும் சேர்த்து வகுத்துப் பாருங்க. ஒரு மணி நேரத்துக்கு என்ன வருதுன்னு தெரிஞ்சா, எந்த சைடு பிசினஸ் உங்களுக்குக் கட்டுப்படியாகும்னு நீங்களே சொல்லிடுவீங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. 40 பக்க நோட்டு ஒண்ணு வாங்கிக் கொடுங்க. முதல் பக்கத்துல உங்க தம்பி கையாலேயே ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க: "என்ன விக்கப் போறேன்? ஒண்ணு வித்தா எனக்கு என்ன நிக்கும்?" ரெண்டாவது கேள்விக்குப் பதில் வந்த பிறகு 2,000 ரூபாயை எடுத்துக் கொடுங்க. அதுவரைக்கும் பணம் உங்க அக்கவுன்ட்லயே இருக்கட்டும்.

எப்படிப் போச்சுன்னு கமென்ட்ல எழுதுங்க. லாபம் எவ்வளவுன்னு மட்டும் இல்ல, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வந்துச்சுன்னும் எழுதுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.